புது மவுஸ் கைக்கு வந்த முதல் வாரம்

கோவை பீளமேட்டில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூரியர் பெட்டியைக் கிழித்த கையோடு வந்து நின்றான்.

"மாமா, சும்மா வழுக்கீட்டுப் போகுதுங்க. இத்தன நாளு வெச்சிருந்ததெல்லாம் மவுஸே இல்லைங்க."

"பெட்டிய எப்பக் கண்ணு பிரிச்சே?"

"இப்பத்தானுங்க. ஒரு பத்து நிமிசம் இருக்கும்."

அந்தப் பத்து நிமிஷத் தீர்ப்பைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். சில கீபோர்டுகளில் விசை பிடிக்காவிட்டால் சுவிட்சைக் கழற்றி வேறு போடலாம், மூடியை மாற்றலாம். மவுஸில் அந்த வசதி கிடையாது. ஓட்டின் வடிவம் கைக்குப் பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லைதான்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கோ, சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கோ போனவர்கள் பார்த்திருப்பார்கள். காங்கேயம் காளை வாங்க வந்தவர் மாட்டைக் கண்டதும் "நல்லாருக்குதுங்க" என்று வாயைத் திறந்துவிட மாட்டார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது. மூவாயிரம் ரூபாய் மவுஸுக்கு இத்தனை சடங்கா என்று கேட்கலாம். தினம் நாலு மணி நேரம் கைக்குள்ளேயே கிடக்கப்போகிற சாமான். வலி வந்தால் வருவது உங்கள் மணிக்கட்டில்.

இன்னொன்று. முதல் பத்து நிமிஷத்தில் கை சொல்வது புது மவுஸின் குணத்தையே அல்ல. பழையதிலிருந்து இது எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை மட்டும்தான். 120 கிராம் கட்டையை மூன்று வருஷம் தள்ளிப் பழகிய கையில் 60 கிராம் மவுஸைக் கொடுத்தால், அது நல்லதோ கெட்டதோ, பறக்கிற மாதிரிதான் இருக்கும். அடிப்பட்டை தேய்ந்துபோன மவுஸை வைத்திருந்தவனுக்கு எந்தப் புது மவுஸும் வெண்ணெய்தான். நான் இருபது வருஷம் பம்ப் மோட்டார் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன். ஷாஃப்ட் பளபளவென்று இருக்கிறதே என்று யாரும் பாஸ் பண்ணிவிட முடியாது. வெர்னியரை வைத்து, அளவை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். மவுஸுக்கும் அதே வழியைத்தான் சொல்லப்போகிறேன்: முதல் நாள் அளந்து எழுதி வையுங்கள், தீர்ப்பை ஏழாம் நாள் சொல்லுங்கள்.

பெட்டி

பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். முத்திரை கிழிவதிலிருந்து மவுஸ் வெளியே வருவது வரை ஒரே ஓட்டமாக இருக்கட்டும். உள்ளே பழைய மவுஸோ வேறு சாமானோ இருந்தால் பேச்சு வளர்க்காமல் காட்ட அதுதான் சாட்சி.

அப்புறம் பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கர். அதிகபட்ச சில்லறை விலை, செய்த மாதமும் வருஷமும், எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், புகார் சொல்ல எண். எடையளவுச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டுப் பொட்டல விதிகள்படி இவையெல்லாம் இருந்தாக வேண்டும். ஸ்டிக்கரே இல்லையென்றால் பெரும்பாலும் அது யாரோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த சரக்கு. மவுஸ் அசலாகவே இருக்கலாம், விலை ஐநூறு குறைவாகவும் இருக்கலாம். இந்திய வாரண்டி மட்டும் இருக்காது. இரண்டு வருஷம் கழித்து இடது பட்டன் கெடும்போதுதான் அந்த ஐநூறின் அருமை தெரியும். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக வந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். விற்றவர் கையை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.

கையும் எடையும்

இதுதான் முக்கியமான இடம். ஆகவே சற்று நிதானமாகப் படியுங்கள்.

வலது கையை மேசைமேல் விரித்து வைத்து, மணிக்கட்டு மடியும் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை அளங்கள். தையல் பெட்டியில் கிடக்கும் இஞ்சு டேப் போதும். அடுத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு நாலு விரலின் அடிப்பக்க அகலம். மவுஸ் பிரியர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு: கை நீளத்தில் பத்தில் ஆறு பங்கு மவுஸின் நீளம், கை அகலத்தில் பத்தில் ஆறு பங்கு மவுஸைப் பிடிக்கும் இடத்தின் அகலம். வேதவாக்கு இல்லை, ஆனால் பெரிய தவறிலிருந்து காப்பாற்றும். 18.5 செ.மீ. கைக்கு 11.1 செ.மீ. மவுஸ் வருகிறது. அக்கா மகனுக்கு அளந்தேன்: 20.3 செ.மீ. அவன் கைக்கு 12.2 வேண்டும், வாங்கி வந்ததோ 11.6. கிட்டத்தட்ட இரண்டு நூல் குறைவு. ஆசாரியிடம் ஜன்னல் சட்டம் இரண்டு நூல் குறைந்து வந்தால் வாங்கிக்கொள்வீர்களா?

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் க்ளா கிரிப்புங்க மாமா, சின்னதுதான் செட் ஆகும்" என்றான். அதுவும் நியாயமான பேச்சுதான், ஏனென்றால் பிடிக்கும் விதம் மாறினால் கணக்கும் மாறும். உள்ளங்கை முழுவதும் படிந்து உட்கார்ந்தால் பாம் கிரிப். அதற்கு நீளமும் முதுகு உயரமும் வேண்டும். உள்ளங்கையின் அடி மட்டும் தொட்டு, விரல்கள் பூனை பாய்வதற்கு முன் மடக்கிய காலைப் போல வளைந்திருந்தால் க்ளா. விரல் நுனிகள் மட்டும் தொட்டால் ஃபிங்கர்டிப். அதற்குச் சிறிய, எடை குறைந்த மவுஸ்தான் சரி. நீங்கள் எந்த வகை என்று உங்களையே கேட்டால் சரியான பதில் வராது. விளையாட்டு மும்முரத்தில் இருக்கும்போது பக்கத்திலிருப்பவரைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். க்ளா என்று அடித்துச் சொன்னவன், இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால் சப்பாத்தி மாவின்மேல் கையை வைத்தது மாதிரி முழு உள்ளங்கையையும் படிய வைத்திருந்தான்.

எடையைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். நம்பலாம், ஆனாலும் நிறுத்துப் பாருங்கள். சமையலறைத் தராசு கிராம் காட்டினால் போதும். எனக்கு ராஜ வீதிப் பக்கம் நகைப் பட்டறை வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவர் உண்டு, அவர் தராசில் மவுஸை வைத்தபோது, "இதுல சேதாரம் எவ்வளவு போடட்டுங்க?" என்று கேட்டார். வயர் உள்ள மவுஸ் என்றால் வயரைத் தராசுக்கு வெளியே மேசையில் படுக்க வைத்து நிறுங்கள். இல்லாவிட்டால் பத்து இருபது கிராம் கூடக் காட்டும்.

ஓர் உதாரணத்துக்கு, நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் நிறையப் பேர் கையில் இருக்கும் லாஜிடெக் ஜி304-ஐ எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்தது. 116.6 மில்லிமீட்டர் நீளம், 62.15 அகலம், 38.2 உயரம். வயர் உள்ள தம்பியான ஜி102-க்கும் இதே ஓடுதான். ஆனால் தம்பி 85 கிராம், இது 99. வித்தியாசத்துக்குக் காரணம் ஒரே ஒரு டபுள் ஏ பேட்டரி. சாதாரண ஆல்கலைன் பேட்டரி 23 கிராம் அளவில் இருக்கும். லித்தியம் வகை டபுள் ஏ போட்டால் 15-க்கு இறங்கும். டிரிபிள் ஏ பேட்டரியைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் நுழைத்துப் போட்டாலும் பத்து கிராம் அளவுக்கு மிச்சம். முழு எடையைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். மவுஸை நடுவில் இரண்டு விரலால் தூக்கிப் பாருங்கள். வால்பக்கம் தாழ்ந்தால், அடிக்கடி தூக்கி வைத்து விளையாடுபவருக்கு ஒரு மணி நேரத்தில் உறைக்கும். தூக்காமல் தள்ளியே விளையாடுபவருக்கு அது பொருட்டே இல்லை.

எடையில் இப்போது ஒரு பந்தயமே நடக்கிறது. 2019-இல் குளோரியஸ் என்ற நிறுவனம் தேன்கூடு மாதிரி ஓட்டையிட்ட ஓட்டோடு 67 கிராம் மவுஸைக் கொண்டுவந்தது. மறு வருஷம் லாஜிடெக்கின் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட், ஓட்டையே இல்லாமல் 63 கிராமுக்குள். 2024-இல் வந்த ரேசர் வைப்பர் வி3 ப்ரோ 54. விலையும் ஐந்து இலக்கத்துக்கு ஏறிவிட்டது. என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன்: நூறிலிருந்து எண்பதுக்கு இறங்குவது கைக்கு நன்றாகத் தெரிகிறது, அறுபதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு இறங்குவது பர்ஸுக்குத்தான் தெரிகிறது. அப்புறம், தேன்கூடு ஓட்டை மவுஸை சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீட்டில் இருப்பவர்கள் வாங்கவே வேண்டாம். மூன்று மாதத்தில் உள்ளே ஒரு தலையணைக்கான பஞ்சு சேரும்.

ஓட்டம்

மவுஸைத் திருப்பிப் போட்டால் அடியில் வழுவழுப்பான பட்டைகள் இருக்கும். டெஃப்லான் வகை; விளையாடுபவர்கள் ஸ்கேட்ஸ் என்பார்கள். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். தாளோடு பத்து நாள் விளையாடிவிட்டு "இழுவையா இருக்குதுங்க" என்று சொன்னவரை எனக்குத் தெரியும். புதுப் பட்டைகளின் ஓரம் முதலில் கூராக இருந்து கொஞ்சம் உரசும். சில நாள் ஓட்டத்தில் மழுங்கி வழுக்கலாகும். முதல் நாள் ஓட்டத்தை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

மவுஸ் எதன்மேல் ஓடுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு மவுஸ் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இது எளிதாகப் புரியும். 1964-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசனை சொல்ல, பில் இங்லிஷ் செய்த முதல் மவுஸ் ஒரு மரக்கட்டைப் பெட்டி. அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சக்கரம். பின்னால் ரப்பர் உருண்டை வந்தது. காந்திபுரத்து பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கு வாடகையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த உருண்டையை மறக்க முடியாது. அம்பு நகராவிட்டால் மவுஸைக் கவிழ்த்து, மூடியைத் திருகி, உள்ளே உருளைகளில் ஒட்டியிருக்கும் கறுப்பு அழுக்கை நகத்தால் சுரண்டுவோம். சில சென்டர்களில் உருண்டையே இருக்காது. யாரோ பையன் கொண்டுபோயிருப்பான். 1999-இல் மைக்ரோசாஃப்ட் இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரர் வந்ததோடு உருண்டைக்கு மரியாதை போயிற்று. இப்போது அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. வெளிச்சத்தைப் பாய்ச்சி, வினாடிக்கு ஆயிரக்கணக்கில் தரையைப் படமெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் புள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன என்று கணக்கிடுகிறது. பல கம்பெனிகளின் மவுஸுக்குள் இருப்பது தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனச் சென்சார்தான். மேலே முத்திரை மட்டும் வேறு.

படத்தில் புள்ளி தெரிய வேண்டும் என்பதால் பெரும்பாலான மவுஸுக்குக் கண்ணாடி மேசை வேலைக்காகாது. மெருகேற்றிய கிரானைட்டும் சந்தேகம்தான். பளபளக்கும் சன்மைகாவில் ஓடும், ஆனால் சில இடத்தில் தாவும். துணி மவுஸ் பேட் ஒன்று வாங்கிவிடுங்கள், 40 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். மவுஸுக்கு மூவாயிரம் கொடுத்துவிட்டு பேட்டுக்கு முந்நூறு யோசிப்பது, மோட்டாரை வாங்கிவிட்டு ஃபவுண்டேஷன் போல்ட்டில் மிச்சம் பிடிக்கிற கதை.

இனி அளவு. டிபிஐ என்பது மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பது. பெட்டியில் 12,000, 25,000 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் 400-இலிருந்து 1600-க்குள்தான் வைக்கிறார்கள். பார்க்க வேண்டியது, 800 என்று வைத்தால் அது நிஜமாகவே 800-தானா என்பது.

அதைச் சரிபார்க்க எந்த மென்பொருளும் வேண்டாம். விண்டோஸின் மவுஸ் அமைப்பில் என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அது வேகத்துக்குத் தக்கபடி தூரத்தை மாற்றி ஏமாற்றும். வேகக் கோடு நடுவில், பதினொன்றில் ஆறாவது இடத்தில் இருக்கட்டும். மவுஸில் 800. மேசையில் ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி, அதன் விளிம்போடு மவுஸைத் தள்ளுங்கள். உங்கள் திரை 1920 புள்ளி அகலம் என்றால், இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் போக 2.4 அங்குலம், அதாவது 6.1 செ.மீ. ஆக வேண்டும். 5.8 முதல் 6.4 வரை வந்தால் மவுஸ் ஒழுங்கு. ஐந்தோ ஏழரையோ வந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட மவுஸ் என்று அர்த்தமில்லை, ஆனால் பழைய அமைப்பை அப்படியே இதில் போட்டால் குறி தவறும் என்று அர்த்தம்.

அடுத்த அளவு விளையாட்டுக்குள். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் சென்சிடிவிட்டி 1, மவுஸ் 800 என்றால் ஆள் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் 52 செ.மீ. நகர வேண்டும். வேலரன்ட்டில் 0.35, 800 என்றால் 46.7 செ.மீ. சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, ஸ்கேலை ஒட்டித் தள்ளி, அதே புள்ளிக்குத் திரும்பும் தூரத்தை அளங்கள். பழைய மவுஸில் எவ்வளவு வந்ததோ அதே தூரம் புதியதிலும் வரும்படி சென்சிடிவிட்டியைத் திருத்துங்கள். அதற்கப்புறம் ஏழு நாள் அந்த எண்ணைத் தொடக் கூடாது. புது மவுஸும் புது சென்சிடிவிட்டியும் ஒன்றாக மாறினால், குறி தவறும்போது குற்றம் யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இன்ஸ்பெக்‌ஷனில் முதல் பாடம் இதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

விளையாட்டுக்குள்ளேயே வேகமாக ஓட்டியும் பாருங்கள். பேட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சர்ரென்று இழுத்து, மெதுவாகத் தொடங்கிய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். திரையில் குறியும் தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும். நல்ல சென்சார் இதில் தோற்காது. ஐநூறு ரூபாய் மவுஸ்களில் பலவற்றுக்கு இங்கேதான் தலை சுற்றும். திரையில் இருக்கும் ஆள் வானத்தைப் பார்ப்பான்.

போலிங் ரேட் பற்றி நிறையப் பேசுகிறார்கள். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கணினிக்குச் செய்தி. 1000 என்றால் ஒன்றுக்கு. 8000 என்றால் எட்டில் ஒரு பங்குக்கு. முதல் தாவல் அவசியம். இரண்டாவது, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்குச் சுத்த வீண், ஏனென்றால் திரையே 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் புதுப்படம் காட்டுகிறது. அதுவும் போக, கோவையிலிருந்து மும்பை சர்வருக்கு நேர்க்கோட்டிலேயே சுமார் ஆயிரம் கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே 10 மில்லிசெகண்ட் பிடிக்கும். நிஜத்தில் அதைப் போல சில மடங்கு. அங்கே கைவிட்டதை இங்கே ஒரு மில்லிசெகண்டைக் கிள்ளி மீட்க முடியாது. 8000 வைத்தால் பழைய பிராசசருக்குச் சுமையும் ஏறும்.

கிளிக்

எனக்கு ஒரு மவுஸ் பதினாலாவது மாதத்தில் கெட்டது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம், எல்லாருடையதும் கெடும். ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாகக் கணக்கு வைத்தது. ஃபோல்டரை இழுத்துப் போகும்போது நடுவழியில் கைவிட்டது. பட்டனுக்கடியில் இருக்கும் குட்டி சுவிட்சில் ஒரு மெல்லிய உலோக இலை, வில்போல் வளைந்து தொடும். தொடும் இடத்தில் அழுக்கோ அரிமானமோ ஏறினாலும், இலை தளர்ந்தாலும் தொடுகை துள்ளும். அந்தத் துள்ளலை மவுஸ் இரண்டாவது கிளிக்காக எண்ணிக்கொள்கிறது. ஒளியை மறைத்து கிளிக்கை அறியும் ஆப்டிகல் சுவிட்சில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் அழுத்தம் சிலருக்குப் பிடிப்பதில்லை.

முதல் நாளே இதைச் சோதிக்கலாம். டெஸ்க்டாப்பில் ஒரு ஐகானைப் பிடித்துத் திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இருபது தடவை இழுங்கள். ஒருமுறை நழுவினாலும் பெட்டியை மூடி அனுப்பிவிடுங்கள். பின்பு பட்டனின் நுனி, நடு, கழுத்து என்று மூன்று இடத்தில் அழுத்திப் பாருங்கள். கழுத்துப் பக்கம் கடினமாக இருந்தால், கையைப் பின்னால் வைத்துப் பிடிப்பவருக்கு விரல் அசரும். இடது பட்டனைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் ஆடுவது சகஜம், கடகடவென்றால் சகஜமில்லை. ஓட்டின் இரு பக்கத்தையும் அமுக்கினால் கிறீச்சிடுகிறதா என்பதைக் காதோடு வைத்துக் கேளுங்கள், சந்தையில் தேங்காயைத் தட்டிக் கேட்பதைப் போல.

சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக உருட்டுங்கள். கீழே உருட்டும்போது பக்கம் மேலே துள்ளினால், சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடர் சரியில்லை. பக்கவாட்டுப் பட்டன் இரண்டும் கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கலர் விளக்கு எரிகிறதா என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத்தான் முதலில் பார்த்திருப்பீர்கள்.

கம்பியில்லாதவை

வயர்லெஸ் மவுஸ் தாமதம் செய்யும் என்பது பழைய பேச்சு. நல்ல கம்பெனிகளின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் வயருக்கு ஈடாகவே ஓடுகிறது. புளூடூத்தில் மட்டும் விளையாட வேண்டாம். ரிசீவரைக் கேபினெட்டின் பின்னால், யுஎஸ்பி 3 துளையில், ஹார்ட் டிஸ்க் வயருக்குப் பக்கத்தில் சொருகிவிட்டு "அம்பு திக்குதுங்க" என்று சொல்வதைத்தான் அடிக்கடி கேட்கிறேன். யுஎஸ்பி 3 இணைப்பு அதே 2.4 அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் எழுதி வெளியிட்டது. பெட்டியில் நீட்டிப்பு வயர் இருந்தால் அதில் சொருகி மவுஸ் பேட்டின் தலைமாட்டில் வையுங்கள். வைஃபை ரௌட்டர் மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். பேட்டரி எத்தனை நாள் வருகிறது என்பதை முதல் வாரத்தில் சொல்ல முடியாது. ஜி304-க்குக் கம்பெனி சொல்வது 1000 ஹெர்ட்ஸில் 250 மணி நேரம். பேட்டரி போட்ட தேதியை மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள், தானே தெரிந்துவிடும்.

மென்பொருளில் நேரம் வீணடிக்காதீர்கள். மவுஸுக்குள்ளேயே நினைவகம் இருந்தால் டிபிஐயைச் சேமித்துவிட்டு மென்பொருளை எடுத்துவிடலாம். கேமிங் சென்டருக்கு மவுஸைக் கொண்டுபோகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

சுத்தம்

எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள் என்றால் நம் வீடுகளில் நடக்காது. தலைக்குத் தேங்காய் எண்ணெய், தட்டில் முறுக்கு. ஆகவே ரப்பர் பூச்சுப் பூசிய மவுஸைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு மூன்று கோடையில் அந்தப் பூச்சு பிசுபிசுவென்று உருகி வரும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் நீடிக்கும். தறிப் பஞ்சும் பட்டறைத் தூசியும் பறக்கும் இடங்களில் சென்சார் துளையில் ஓர் இழை நுழைந்தாலே அம்பு நடுங்கும். வாயால் ஊதினால் எச்சில் படும். கேமரா துடைக்கும் ரப்பர் ஊதியை வையுங்கள். புது மவுஸ் மூன்றாம் நாளே நடுங்கினால், பழுது என்று எழுதுவதற்கு முன் துளையைப் பாருங்கள்.

ஏழாம் நாள்

தினம் ஒரே நேரத்தில், ஒரே பயிற்சிக் களத்தில், அதே நூறு குறிகளைச் சுட்டு எண்ணிக்கையைப் பெட்டியின் மூடியில் எழுதச் சொன்னேன். அக்கா மகனுக்கு முதல் நாள் எண்ணிக்கை நன்றாக ஏறியது. இரண்டாம், மூன்றாம் நாள் பழைய மவுஸின் கணக்குக்குக் கீழே போனது. புது மவுஸில் இந்தச் சரிவு சகஜம், பயப்பட வேண்டாம். ஐந்தாம் நாள் பழைய இடத்துக்கு வந்தது. பக்கத்தில் வலியை எழுதவும் ஒரு கட்டம் போட்டிருந்தோம். அதில் நாலாம் நாளிலிருந்து ஒரே வார்த்தை: மோதிர விரல். ஓடு குட்டை என்பதால் அந்த விரலுக்கு இடமில்லாமல் பேட்டில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. எண்ணிக்கை சரி, கை சரியில்லை.

திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தபோதுதான் விற்பனை விதியைப் படித்தான். பழுது இருந்தால் மாற்றித் தருவார்கள். கைக்குப் பொருந்தவில்லை என்பது பழுதில் சேராது. கடைசியில் சின்னக் கை உள்ள முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு அறுநூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தான். அவன் இன்றுவரை அதில் சந்தோஷமாக விளையாடுகிறான். மவுஸ்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

அடுத்ததைக் காந்திபுரத்தில் கடையேறி, வெளியே வைத்திருந்த மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்து வாங்கினான். சட்டைப் பையில் என் இஞ்சு டேப். கடைக்காரர், "என்னுங் தம்பி, துணிக் கடைன்னு வந்துட்டீங்களா?" என்று கேட்டாராம்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் கையை ஆர்டர் போடுவதற்கு முன் அளங்கள். மாற்றும் விதியையும் அப்போதே படியுங்கள். பெரும்பாலும் அவர்கள் தரும் ஏழு நாள், கூரியர்காரர் கதவைத் தட்டிய நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். பெட்டி, பில், மூடியில் எழுதிய கணக்கு மூன்றும் வாரண்டி முடியும்வரை பரண்மேல் இருக்கட்டும்.